மஞ்சள் கையாந்தகரை என்று வந்த ஒரு கட்டுக் கீரை

போன வருடம் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நான் வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் கோயிலில், வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் மாணவன் ஒருவனின் அம்மா வந்து கைபேசியை நீட்டினார். படத்தில் ஒரு மண் சரிவு, அதை மூடிப் படர்ந்த பச்சை, நடுநடுவே மஞ்சள் பூக்கள். "அண்ணா, ஆயா இதைத் தினமும் காலையில சாறு பிழிஞ்சு குடிக்கிறாங்க, கல்லீரலுக்கு நல்லதுன்னு சொல்றாங்க, இது என்ன செடி?" என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்டார். ஆயா இதற்கு என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டேன். "மஞ்ச கையாந்தகரை" என்றார்.

அந்தச் சொல் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து எண்ணினால் இங்கே நம் ஆட்கள் ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டார்கள், பெரும்பாலான வீடுகளில் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், ஆனாலும் புரட்டாசி மாதம் மட்டும் கவிச்சி வாசனையே இல்லாமல் கட்டுப்பாடாக இருப்பார்கள். அப்படி ஒரு வீட்டில், நம் ஊரிலேயே கரிசலாங்கண்ணி என்ற பெயர் வந்து பாதி மறந்துபோன கையாந்தகரை என்ற பழைய பெயர் உயிரோடு இருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், "ஆமாம்மா, கரிசலாங்கண்ணிதான், நல்ல கீரை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த தவறுகளில் இது என்னுடையது. சொல்லைப் பார்த்தேன், செடியைப் பார்க்கவில்லை.

ராத்திரி அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கி நிதானமாகப் பார்த்தபோதுதான் இலை உறுத்தியது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீளமாக, ஈட்டி மாதிரி, ஓரத்தில் இருந்தும் இல்லாததுமாக ஒன்றிரண்டு பற்களோடு இருக்கும். படத்தில் இருந்த இலை அகலமாக, பளபளப்பாக, இரண்டு பக்கமும் ஒரு மடல் பிரிந்து மூன்று விரல் நீட்டின மாதிரி இருந்தது. காலையில் முதல் வேலையாகப் போன் செய்து, நான் வந்து பார்க்கும்வரை ஆயா சாறு குடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அன்றைக்குப் பறித்த கட்டை அப்படியே தண்ணீரில் வைக்கச் சொன்னேன், தூக்கிப் போட்டுவிடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. இதே குழப்பம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. நாற்றுப் பண்ணைகளில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டால் பல இடங்களில் இந்த மூன்று மடல் இலைச் செடியைத்தான் தொட்டியில் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்ளலாம். வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணி எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டா. வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு என்று ஈரமான இடத்தில் வரும், பூ சட்டைப் பொத்தான் அளவு, வெள்ளை. மஞ்சள் பூ கரிசலாங்கண்ணி, பொற்றலைக் கையாந்தகரை என்று பழைய வைத்தியத்தில் சொல்வது, ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. இதற்கு முன்பு வெடேலியா என்று பெயர், அந்தப் பெயரை வைத்துத்தான் அதிலிருந்து எடுத்த பொருளுக்கு வெடெலோலாக்டோன் என்று பெயரிட்டார்கள், அதன் அமைப்பை 1956இல் வெளியிட்டவர்கள் சென்னையில் வேலை செய்த கோவிந்தாச்சாரியும் அவருடைய குழுவினரும். வெள்ளையிலும் அதே பொருள் இருக்கிறது. வள்ளலார் கரிசாலையை அத்தனை உயர்த்திச் சொன்னதால் நம் வீடுகளில் இந்தக் கீரைக்கு ஒரு தனி மரியாதை. மூன்றாவது ஒன்று உண்டு, ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்காவின் செடி, 1759இல் லின்னேயஸ் வேறு ஒரு பேரினத்தில் வைத்துப் பெயர் கொடுத்தார், 1996இல்தான் இன்றைய பேரினத்துக்கு வந்தது. ஊருலகத்தில் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள், சிங்கப்பூருக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமில்லை. தரையை மூடும் அழகுச் செடியாக உலகம் முழுக்கக் கொண்டுபோய் நட்டார்கள், இப்போது உலகின் மிக மோசமான 100 படையெடுப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் அதுவும் ஒன்று. தென்னாப்பிரிக்காவிலும் சட்டப்படி படையெடுப்புத் தாவரமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். டர்பனில் சாலையோர மண்மேடு எதைப் பார்த்தாலும் அது இருக்கும்.

சரி, அந்த வீட்டுக்குப் போனேன். ஆயாவுக்கு எண்பதை நெருங்கும் வயது, நல்ல திடமாக இருக்கிறார். தமிழில்தான் பேசினார், வட ஆற்காட்டுப் பேச்சு அப்படியே. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு, சாட்ஸ்வொர்த் வீடுகள் பலவற்றுக்கும் இருக்கும் அதே செம்மண் சரிவு, மழைக்கு மண் அரிக்காமல் இருக்க யாரோ எப்போதோ நட்டது மேலிருந்து கீழ்வரை போர்த்தியிருந்தது. ஒரு கொடியை இழுத்தேன். கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்ததால் தையல் பிரிகிற மாதிரி பொட்டுப் பொட்டென்று வந்தது. இலைகள் எதிரெதிராக, மேல்பக்கம் மினுமினுப்பாக, கொஞ்சம் சதைப்பற்றோடு, மூன்று மடலாக. சந்தேகமே இல்லை, சிங்கப்பூர் டெய்சி.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆயாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தவன், தண்ணீரில் வைத்திருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று திரும்ப உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்ததுதான் நல்லதாகப் போயிற்று. சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு தண்டாகப் பிரித்து வைத்தேன். இருபத்தெட்டுத் தண்டு. இருபத்து நான்கு சிங்கப்பூர் டெய்சி. மீதி நான்கும் வேறு. பூ அதே மஞ்சள், ஏறக்குறைய அதே அளவு, கொஞ்சம் சின்னது. ஆனால் தண்டு நிமிர்ந்து நின்றது, மேலே பல கிளையாகப் பிரிந்திருந்தது, இலைகள் எதிரெதிராக இல்லாமல் ஒன்று மாற்றி ஒன்றாக, ஒல்லியாக, ஓரத்தில் ஒழுங்கில்லாத பற்களோடு இருந்தன. இலையின் அடிப்பாகம் தண்டைக் கொஞ்சம் தழுவிக்கொண்டிருந்தது.

பேரன் வந்தான், பதினோரு வயது. அவன்தான் தினமும் பறித்துத் தருபவன். எங்கே பறித்தாய் என்று கேட்டதற்கு, "மஞ்சப் பூ இருக்கிறதெல்லாம்" என்றான். போன வாரமும் அந்த உயரமானதைப் பறித்ததாகச் சொன்னான், அது எட்டுவதற்குச் சுலபமாம்.

இந்த இடத்தில் சூரியகாந்திக் குடும்பத்துப் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இது தெரியாமல் இந்த மஞ்சள் பூக்களைப் பிரிக்க வழியில்லை. நாம் ஒரு பூ என்று பார்ப்பது ஒரு பூ இல்லை, ஒரு தட்டில் அடுக்கிய பல சின்னப் பூக்களின் கூட்டம், பள்ளிப் புத்தகத்தில் தலைமஞ்சரி என்று படித்திருப்போம். ஓரத்தில் இதழ் மாதிரி நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு கதிர் மலர், நடுவில் மொட்டு மொட்டாக இருப்பவை வட்டத்தட்டு மலர்கள். இதையெல்லாம் அடியிலிருந்து ஒரு கிண்ணம் மாதிரி தாங்கிப் பிடிக்கும் பச்சைச் செதில்கள் இருக்கின்றன, பூவடிச் செதில்கள். அடையாளம் காண்பவர்களுக்கு விஷயம் முழுக்க அந்தக் கிண்ணத்தில்தான். பூவை மேலே இருந்து படம் எடுத்து அனுப்பிவிட்டு இது என்ன என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் கெஞ்சுவது இதைத்தான்: தயவுசெய்து பூவைக் கவிழ்த்து அடிப்பக்கம் ஒரு படம், இலை தண்டோடு சேரும் இடம் ஒரு படம், முழுச் செடியும் நிற்கிற மாதிரி ஒரு படம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் என் பையில் எப்போதும் இருக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று வாங்கி, குண்டூசியால் இரண்டு பூக்களையும் பிரித்தேன். முதலில் சிங்கப்பூர் டெய்சி. அடியில் இலை மாதிரி அகலமான பச்சைச் செதில்கள், கதிர் மலர்கள் பத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று சின்னப் பற்கள். நடுப்பூக்களை ஊசியால் கிள்ளி எடுக்கும்போது ஒவ்வொன்றோடும் காய்ந்த தாள் மாதிரி ஒரு செதில் கூடவே வந்தது. அப்புறம் அந்த இன்னொன்று. இதன் கிண்ணம் வேறு மாதிரி. ஒரே அளவுள்ள ஒல்லிச் செதில்கள் ஒரே வரிசையில், வேலிக் குச்சி நட்டது போல ஒட்டி ஒட்டி நின்றன, அடியில் மட்டும் குட்டிச் செதில்கள் சில. ஆயாவின் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள், ஒரு பூவில் 21, அடுத்ததில் 20, மூன்றாவதில் மறுபடி 21. கதிர் மலர்கள் 13. நடுப்பூக்களை எடுத்தால் தட்டு வெறுமையாக இருந்தது, தாள் செதில் ஒன்றுகூட இல்லை. முற்றிய ஒரு பூவைத் தொட்டதும் பஞ்சு மாதிரி வெள்ளை முடியோடு விதைகள் மேசை முழுக்கப் பறந்தன, ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

ஒரே வரிசை வேலி, வெறுந்தட்டு, வெள்ளைப் பஞ்சு. செனிசியோ.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செனிசியோ மடகாஸ்கரியென்சிஸ் என்பது இந்த மண்ணின் சொந்தச் செடி. மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவின் இந்தக் கிழக்குப் பகுதியிலும் இயல்பாக வளர்வது. இங்கிருந்து ஆஸ்திரேலியா போய், 1918இல் அங்கே ஹண்டர் பள்ளத்தாக்கில் முதலில் பதிவாகி, இன்றைக்கு அந்த நாட்டின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளில் ஒன்றாக நிற்கிறது. அங்கே இதைப் போலவே இருக்கும் சொந்த ஊர்ச் செனிசியோ ஒன்றிலிருந்து இதைப் பிரிக்க விவசாயிகள் பார்ப்பதும் அந்தப் பூவடிச் செதிலைத்தான்: உள்ளூர்ச் செடிக்குப் பதிமூன்று, இதற்கு இருபத்தொன்று. மாடும் குதிரையும் இதைத் தின்று கல்லீரல் கெட்டுச் சாகும், ஆடு ஓரளவு தாங்கும்.

காரணம் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருட்கள். இவை வயிற்றுக்குள் போகும்போது பெரிய தொந்தரவு கொடுப்பதில்லை, கல்லீரலில் இருக்கும் நொதிகள் இவற்றை மாற்றும்போதுதான் பைரோல் என்ற வினைவேகம் மிக்க பொருளாகி, பிறந்த இடத்திலேயே கல்லீரல் செல்களையும் அங்கிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் தாக்குகின்றன. குழாய்கள் மெல்ல மெல்ல அடைபடும். அன்றைக்கே வாந்தி வந்தால் மனிதன் உஷாராகிவிடுவான், இது அப்படி எச்சரிப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வாரங்கள், மாதங்கள் கழித்துத் தெரியும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்பவும் முடியாது. இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. கேப் பகுதியில் ஜார்ஜ் என்ற ஊர்ப் பக்கம், கோதுமையோடு செனிசியோவும் கலந்து அரைபட்டு, அந்த ரொட்டியே சாப்பாடாக இருந்த ஏழைக் குடும்பங்களில் கல்லீரல் நோய் வந்தது. வில்மட், ராபர்ட்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1920இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். கோதுமை வயலில் களை நின்றது, அறுப்பில் சேர்ந்து வந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆயாவின் கீரைக் கட்டுக்குள்ளும் அதேதான் நடந்திருக்கிறது. அதுவும் கல்லீரலுக்கு நல்லது என்று நம்பிக் குடிக்கிற சாற்றில்.

ஆயாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, நேராகவே சொன்னேன். "ஆயா, இது கையாந்தகரை இல்லீங்க, இதுல நாலு தண்டு கெட்ட செடி." அவருக்குக் கோபம் வந்தது. "எங்கம்மா குடுத்து நான் குடிச்சது, எனக்குத் தெரியாதா?" அடுத்த வீட்டு சூலு இனத்து அம்மா ஒருவர் வேலி ஓரமாக நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் இமிஃபினோ என்று காட்டுக் கீரைகளைப் பறித்துச் சமைப்பவர். மேசைக்கு வந்து நான்கு தண்டையும் பார்த்தார், விரலால் ஒதுக்கினார், இதை நான் பறிக்க மாட்டேன் என்று சொன்னார். ஆயா அவரை நம்பினார். முப்பது வருடப் பழக்கம், நான் நேற்று வந்தவன்.

அன்று மாலையே மகள் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனார், நான் ஒரு தாளில் செடியின் பெயர், என்ன ஆல்கலாய்டு, எத்தனை நாளாகக் குடித்தார் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம், தினமும் அரை டம்ளர், அதில் எத்தனை நாள் செனிசியோ கலந்தது என்பது பையனின் ஞாபகத்தைப் பொறுத்தது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியாக இருந்தது. இந்த நஞ்சு தாமதமாக வேலை காட்டும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார் மருத்துவர், அதுவும் சரியாகவே வந்தது. இதை எழுதும்போதுகூட ஒரு பெருமூச்சு வருகிறது.

பெயரை நானே சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. தென்னாப்பிரிக்காவில் செனிசியோ இனங்கள் மிக அதிகம், மடகாஸ்கரியென்சிஸுக்கும் இனேக்விடென்ஸ் என்பதற்கும் இருக்கும் வித்தியாசம் தேர்ந்தவர்களையே திணற வைக்கும். நான்கில் இரண்டு தண்டைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே அகராதியும் அரிசி மூட்டையும் ஏற்றி, தாளை மாற்றி மாற்றி ஒரு வாரம் உலர்த்தினேன். சரிவுக்குப் போய் நின்றிருந்த செடியின் உயரம், மண், பூவின் நிறம், நாள் எல்லாம் எழுதிக்கொண்டேன், உலர்ந்த பிறகு இவை செடியில் தெரியாது. டர்பனில் பெரியா என்ற மேட்டில் தாவரவியல் பூங்காவை ஒட்டி குவாசுலு-நத்தால் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் இடம், இருக்கிறது, 1882இல் ஜான் மெட்லி வுட் தொடங்கியது. அங்கே கொண்டுபோனேன். பார்த்தவர் விதையை நுண்ணோக்கியில் வைத்து, பழைய தாள்களில் ஒட்டிய மாதிரிகளோடு ஒப்பிட்டு, மடகாஸ்கரியென்சிஸ் என்றார். கொடியையும் காட்டினேன், டிரைலோபேட்டா என்று பார்த்த உடனே சொன்னார். இதற்கு முன்பு பேத்தி கைபேசிச் செயலி ஒன்றில் அதே கட்டைப் படம் எடுத்துப் பார்த்திருந்தாள், அது கட்டு முழுவதற்கும் ஒரே பெயர் சொல்லியிருந்தது. செயலிக்குக் கட்டு ஒரு படம். நமக்கு இருபத்தெட்டுத் தண்டு.

எனக்கு விடாமல் அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. ஆயா பொய் சொல்லவில்லை, கையாந்தகரை என்ற சொல் உண்மை, அம்மா கொடுத்ததும் உண்மை. அப்படியென்றால் அந்த அம்மா கொடுத்தது எது? இன்னொரு நாள் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன். அவர்கள் முதலில் இருந்தது டர்பனிலேயே கேட்டோ மேனர் என்ற பகுதியில். காய்கறித் தோட்டம், பக்கத்திலேயே ஓடை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டத்தால் 1960களில் அங்கிருந்து கிளப்பி இந்த மேட்டில் கொண்டுவந்து விட்டார்கள், ஆயாவுக்கு அப்போது பதின்வயது. "அம்மா ஓடைக்குப் போயி ஒரு மடி பறிச்சாந்து அம்மியில அரைப்பா, கையெல்லாம் கறுத்துப் போயிடும், ரெண்டு நாளைக்குப் போவாது" என்றார். பூ என்ன நிறம் ஆயா என்றேன். மஞ்சள் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார்.

கை கறுப்பது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் குணம் அது. தண்டை நசுக்கினால் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கும். தலைமுடிக்கும் கண்மைக்கும் நம் பாட்டிமார் அதைத் தேடியதே அந்தக் கறுப்புக்காகத்தான். ஓடை ஈரத்தில் எக்லிப்டா வந்திருக்கும், இந்தக் காய்ந்த சரிவில் அது வராது. செடி கீழேயே நின்றுவிட்டது, பெயர் மட்டும் குடும்பத்தோடு மேடேறி வந்தது. அப்புறம் ஊரிலிருந்து வந்த யாரோ மஞ்சள்தான் உசத்தி என்று சொன்னார்களாம், சரிவில் மஞ்சளாக ஒன்று இருந்தது, பெயர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் டெய்சியை எத்தனை தடவை கசக்கிப் பார்த்தும் என் கை கறுக்கவில்லை.

எக்லிப்டா டர்பன் பக்கம் தானாகவே வளர்கிறது என்பது தெரியும், எங்கே என்பதுதான் தேட வேண்டியிருந்தது. கார்த்திகை மாதம் மழை பிடித்த பிறகு, கோயிலுக்குப் பின்னால் கால் கழுவும் குழாயின் தண்ணீர் தேங்கும் இடத்தில் பார்த்தேன், ஒரு சாண் உயரம், வெள்ளைப் பொத்தான் பூ. பூவைக் கவிழ்த்தேன், இலை எதிரெதிராக இருக்கிறதா பார்த்தேன், லென்ஸ் வைத்துக் காயைப் பார்த்தேன். வேரோடு இரண்டு செடி எடுத்து ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக் கொண்டுபோனேன். பையனையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஆயா ஒரு தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். முதலில் பச்சையாக இருந்தது. பேசிக்கொண்டே இருந்தோம், கொஞ்ச நேரத்தில் கை ரேகை முழுக்க மை ஊறின மாதிரி ஆனது. அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கையை ரொம்ப நேரம் கழுவவில்லை. இப்போது குழாயடியில் ஒரு பழைய வாளியில் அது வளர்கிறது. பையன்தான் தண்ணீர் ஊற்றுகிறான், மஞ்சளாக எது பூத்தாலும் பிடுங்கிக்கொண்டு வந்து கவிழ்த்துக் காட்டுகிறான்.